கடைசி அடியில் என் பேர்

சேகர், அந்தப் பாட்டை நான் எழுதவில்லை. மெட்டும் நான் போட்டது இல்லை. கேசட் அட்டையில் 'பாடல், இசை' என்பதற்கு நேராக என் பேர் அச்சாகியிருக்கிறதே, அது பொய். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு மைல் நடந்தால் வருகிற ஒரு மலை ஊர்க்காரர்கள் தங்கள் அம்மனுக்குப் பாடுகிற பாட்டு அது. அவர்கள் வாயிலிருந்து அதை எடுத்து, கடைசி அடியில் என் பேரைப் போட்டு, எனக்கே சொந்தம் என்று பதிவும் செய்துகொண்டேன். அதனால் போன ஆடியில் அந்த ஊரில் பாட்டே நடக்கவில்லை. பாட்டு நடக்காததால், செத்துப்போன ஒரு பெண்ணின் பேர் அவர்கள் அம்மன் முன்னால் சொல்லப்படாமல் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பெண் வேறு யாரும் இல்லை. குப்பு.

நீ மெட்ராஸிலிருந்து அனுப்பிய அக்ரிமெண்ட் வந்து சேர்ந்தது. நீ வேலை செய்கிற கேசட் கம்பெனி அந்தப் பாட்டை மறுபடி புதுசாகப் போடப் போகிறது என்றும், 'எங்கப்பா எழுதினதுதான் சார்' என்று நீ சொன்னதும் உன் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து கை கொடுத்தார் என்றும் எழுதியிருந்தாய். பென்சிலால் குறி போட்ட மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்றாய். மூன்று இடத்திலும் நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம். இதன் நகல் ஒன்று போளூரில் நம் கடை வாசலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டப்படும். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த வீட்டு விஷயங்களையும் தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரியே எழுதிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

நான் எப்படி ஆள் ஆனவன் என்பது உனக்குத் தெரியும். உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக மலைமேல் ஏற்றி, புளியும் சாமையும் கடுக்காயும் கீழே இறக்கி விற்றவன். மேலே பாதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலம் அது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது கீழே யாருக்கு வேண்டியிருக்கும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போதே வந்துவிட்டது. அந்த ஊரில் மரத்தடியில் கொட்டி மக்கிப் போய்க்கொண்டிருந்த கடுக்காயைத் தோல் பதனிடுகிறவர்கள் வாங்குவார்கள் என்று முதலில் சொன்னவன் நான்தான். 'மொதலாளி கண்ணு பட்டா சருகுகூட வெலைக்குப் போகும்' என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. மரத்தடியில் கிடந்த காயை எடுத்து விற்றதில் தப்பு ஒன்றும் இல்லை. அதே கண்ணால் பாட்டையும் பார்த்தேன் பார், அங்கேதான் எனக்குப் புத்தி போதவில்லை.

அந்த ஊரில் எனக்குப் புளி சேர்த்துக் கொடுக்கிறவன் வெள்ளையன். ஊரின் பாட்டுக்காரனும் அவனே. என் வயசுதான் இருக்கும். அவன் பெண்டாட்டி மாங்கனி. ஒரே மகள் குப்பு. புளி உலுக்குகிற காலத்தில் உன்னை நான் மேலே அழைத்துப் போன இரண்டு வருஷமும் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பலா மரம் பலா மரமாக அலைந்தவள் அவள்தான். உன்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவள். 'இன்னா மொதலாளி, டவுனு கொயந்தைக்கு காலு கெடையாதா, சும்மாவே தொங்குது?' என்று கேட்பாள். அந்தக் கோபத்தில்தான் நீ ஒரு நாள் தனியாகப் பாறை ஏறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய். அந்தத் தழும்பு உன் காலில் இன்னும் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நம் கடையில் மைக் செட் வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்தேன். கையோடு ஒரு டேப் ரிக்கார்டரும் வாங்கினேன். வாங்கிய வருஷமே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடித் திருவிழாவுக்கு அந்த ஊருக்கு ஏறினேன். நல்ல உச்சி வெயில். அம்மனை ஓடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேதான் பாட்டு. வெள்ளையன் முன்னே பாட, ஊரே பின்னே பாடியது. மலை, மழை, சாமைக் கதிர், அம்மன் நடந்து வந்த தடம் என்று வரிசையாக வந்து, முடிவில் தப்பட்டை சட்டென்று நின்றது. 'சடையன் பேரச் சொன்னோம், மடி எடுத்து வாங்கம்மா' என்று வெள்ளையன் ஒற்றைக் குரலில் சொன்னான். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பத்துப் பேர் ஏதோ முணுமுணுத்தார்கள். மறுபடி தப்பட்டை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிலிர்த்த அடுத்த நிமிஷமே இது கீழே விற்கும் என்றும் தோன்றிவிட்டது. உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

பாட்டு முடிந்ததும் வெள்ளையனைக் கேட்டேன்: "கடைசி அடியில ஒரு பேரு வருதே, அது யாரு பேரு?"

"அந்த எடத்துல ஒரு பேரு சொல்லணும் மொதலாளி."

"யாரு பேரு வேணா சொல்லலாமா?"

"யாரு பேரு வருதோ அத்த சொல்றதுதான்." பொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்குள்ள குந்திக்கினு இன்னொரு தபா பாடுவனா நானு?"

"நீ செத்தாக்கூட பாடும்."

"அய்ய, அப்ப எனக்குப் பாட்டுக்காரன் வாணாம்னு சொல்லு!" என்று சிரித்தான்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. நம் பக்கத்துக் கோயில் பாட்டுகளில் கடைசிப் பாட்டில் எழுதினவர் தன் பேரை வைத்துவிட்டுப் போவார் இல்லையா, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். சடையன் என்று ஒரு பழைய புலவன் இருந்திருப்பான். அடுத்த ஆடியில் போனபோது அந்த இடத்தில் 'பொன்னி' என்று வந்தது. ஓகோ, பாடுகிறவன் இஷ்டம்போல் பேரை மாற்றிக்கொள்கிறான், இவர்களுக்கே எழுதினவன் யாரென்று தெரியாது என்று முடிவு கட்டினேன். என் கண்ணுக்கு அந்த இடம் காலி மனை மாதிரி தெரிந்தது.

கீழே வந்து வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: "எழுதினவன் தெரியாத பாட்டு புறம்போக்கு மாதிரிய்யா. அப்படியே எடுத்து என்னுதுன்னு சொன்னா செல்லாது. நாலு அடிய மாத்து, மெட்டுல ஏதாச்சும் சேத்துக் கட்டு. அப்பறம் அது உன் வூடு. புறம்போக்குல வூடு கட்டி பட்டா வாங்கினவன் நம்மூர்ல எத்தினி பேரு?" இந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புறம்போக்கு என்றால் யாருக்கும் இல்லாதது என்றுதான் நான் எப்போதும் நினைத்தேன். ஊருக்கே உரியது என்ற நினைப்பு வரவில்லை. வியாபாரியாக இருந்ததால்தான் வரவில்லை என்று பழியைத் தொழில்மேல் போடவும் மனசு வரவில்லை. நம் தெருவில் என்னைவிடப் பெரிய வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் இதைச் செய்யவில்லை.

போளூர் நாடகக்காரர் ஒருவரைப் பாட வைத்தேன். ஆர்மோனியக்காரர் கேட்டுவிட்டு, "முடிவுல ஒரு எடத்துல தாளம் அறுந்து தொங்குதுங்க, கேக்கறவனுக்கு டேப்பு நின்னுபோச்சுன்னு தோணும்" என்றார். அந்த மௌனத்தில் சலங்கையும் மணியும் போட்டு அடைக்கச் சொன்னேன். மலைக்காரர் பேச்சு நாலு இடத்தில் இருந்ததை மாற்றினேன். கடைசி அடியில் என் பேரை, நீட்டிப் பாடுவதற்கு வசதியாக, இரண்டு தரம் வைத்தேன். பிறகு டெல்லிக்கு மனுப் போட்டோம். எழுதியவர் யார் என்ற கட்டத்தில் என் பேர். மெட்டு யாருடையது என்ற கட்டத்திலும் என் பேர். சான்றிதழ் வந்த அன்று உன் அம்மா கேசரி கிளறினாள். நீதான் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லி அடம் பிடித்தாய்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லியிருந்தார்கள். 'மடி எடுத்து வாங்கம்மா'ன்னா என்ன அர்த்தம்ப்பா என்று வந்து கேட்டாய். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். 'எழுதினவன் தன்னையே குழந்தையா அம்மன் மடியில போடறான்' என்று அளந்தேன். நீ அதை அப்படியே போய்ச் சொல்லி, வகுப்பே கை தட்டியது என்று ஓடி வந்தாய். பெற்ற பிள்ளை தன்னை மெச்சிப் பார்க்கும்போது ஒரு அப்பனுக்கு உண்டாகிற மயக்கம் இருக்கிறதே, அது பொல்லாதது. அதற்கு ஆசைப்பட்டு அந்தப் பொய்யை நானே பாதி நம்பினேன்.

கேசட் நன்றாகப் போனது. கலசப்பாக்கத்திலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் எந்த ஊரில் கூழ் ஊற்றினாலும் குழாயில் அதுதான். அப்படியே மலையும் ஏறிவிட்டது. ஒரு நாள் காலை நான் உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், வீட்டு வாசலில் ஒப்பாரி. நீ அப்போது வேலூரில் ஹாஸ்டலில் இருந்தாய். வெள்ளையன், மாங்கனி, இன்னும் ஐந்து பேர். தலையில் சாமை மூட்டை. வெள்ளையன் கையில் மடித்த புதுப் புடவை. உன் அம்மா கதவைத் திறந்தவள் ஒன்றும் புரியாமல் நிற்கிறாள். மாங்கனி அவளைக் கட்டிக்கொண்டு, "தனியா வுட்டுப் போய்ட்டாரே தாயே, கொயந்த வேற படிக்கிதே" என்று அழுகிறாள். நான் வெளியே வந்தேன். அவர்கள் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் வாயைத் திறந்தவன் வெள்ளையன்தான். "மொதலாளி... நீ சாவலியா?"

"நான் ஏண்டா சாவணும்? யாரு சொன்னது?"

"பாட்டுல சொல்லிச்சே! சந்தைல டீக்கடைல பாடிச்சு. உன் பேரு. ஒரு தபா இல்ல, ரெண்டு தபா சொன்னாங்க." ஓடி வந்து என் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தான். மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாங்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு நாளா சோறு எறங்கல இந்தாளுக்கு. செத்தவன் மூட்ட அடுக்கிக்கினு கீறான் பாரு!" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பேர் சொன்னால் செத்ததாக ஏன் நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னான். போன ஆடிக்கும் இந்த ஆடிக்கும் நடுவே ஊரில் யார் இறந்தார்களோ அவர்கள் பேர்தான் அந்த இடத்தில் வரும். அதுவரை இறந்தவர் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். பேரைச் சொன்னதும் அம்மன் முந்தானையை மடியாக விரித்து ஏந்திக்கொள்வாள். தப்பட்டை நிற்கிறதே, அது வீட்டுக்காரர்கள் வாய்க்குள்ளேயே அழுவதற்கு விட்ட இடம். நான் சலங்கை போட்டு அடைத்தேனே, அந்த இடம்தான். "எங்காளுங்களுக்கு மட்டுந்தான் அந்தப் பாட்டு. கீழ்நாட்டு ஆளுக்குப் பாடினதே இல்ல. வேற எந்த ஊர்க்காரனோ உன்ன நம்மாளுன்னு சேத்து பாடிட்டான்னு நெனச்சேன். நாங்க இல்ல மொதல்ல பாடியிருக்கணும், அவன் முந்திக்கினானேன்னு எனக்குக் கோவங்கூட" என்றான். பிறகு கையிலிருந்த புடவையைப் பார்த்து வெட்கப்பட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அது கோடி, சேகர். புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் கொண்டுவருவது. உன் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவன் அந்த முறையை விடாமல் எடுத்து வந்திருக்கிறான்.

அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "தெரியாம வெச்சிட்டே. எடுத்துடு மொதலாளி, உசுரோட இருக்கறவன் பேரு அங்க இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னான். "அதெல்லாம் அச்சாயிடுச்சு வெள்ளையா, சும்மா விளையாட்டுக்குத்தானே" என்றேன். சாப்பிட வைத்து, போகும்போது கையில் ஒரு கேசட்டைக் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் ஊரில் அதைப் போட்டுக் கேட்க ஒரு மெஷின்கூடக் கிடையாது. உன் அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. முதலில் செய்தது தெரியாமல் செய்தது என்றால், அன்று வாசலில் நின்று செய்தது தெரிந்தே செய்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி எனக்கு மன்னிப்புக் கொடுத்துவிடாதே.

அதற்கடுத்துச் செய்தது இன்னும் மோசம். கலசப்பாக்கத்தில் இன்னொரு மைக் செட்காரர் வெள்ளையனையே கீழே அழைத்துவந்து, அவன் குரலிலேயே பாட வைத்து ஒரு கேசட் போட்டார். என் கேசட் போவது குறைந்தது. அதை வாங்கிக் கேட்டேன். கடைசி அடி வந்ததும் தப்பட்டை நிற்கிறது; பேரே இல்லாமல் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடி முடிந்துவிடுகிறது. அந்த வருஷம் ஊரில் சாவு இல்லை, அவன் யார் பேரையும் சொல்லவில்லை. வேறு எவன் கேட்டிருந்தாலும் புரியாமல் விட்டிருப்பான். எனக்குப் புரிந்தது. புரிந்தும் வக்கீலிடம் போய், 'பாருங்க, இவங்க கேசட்ல கடைசி அடியே இல்ல, முழுப்பாட்டு என்கிட்டதான் இருக்குது' என்று அதையே சாட்சியாகச் சொன்னேன். நோட்டீஸ் போனது. மைக் செட்காரருக்கு ஒன்று, பாடினவன் என்ற முறையில் வெள்ளையனுக்கு ஒன்று. என் அனுமதி இல்லாமல் பொது இடத்தில் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது என்று.

அதோடு நான் மறந்துவிட்டேன். புளிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன், நானாக ஏறவில்லை. இந்த மாசி பிறந்ததும் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, மஞ்சள் தடவி, முதல் பத்திரிகை வெள்ளையன் வீட்டுக்கு என்று போனேன். வீட்டுக்கு முன்னால் மாங்கனி புளி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எழவு வூட்ல பத்திரிகை வாங்கக் கூடாது மொதலாளி."

"எழவா? யாரு?"

"குப்பு." புளி தட்டுவதை நிறுத்தவில்லை. "போன வருசம் பங்குனில. காமால. தூளி கட்டி ஜமுனாமரத்தூர் கொண்டுபோனோம். பாதி வழிதான் போனா."

ஒரு வருஷம் ஆகப் போகிறதே, இன்னும் இழவு வீடு என்கிறாயே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "பேரு சொன்னாத்தான எழவு முடியும்? எங்க சொல்றது? உன் பேரு அங்க குந்திக்கினு கீது. எங் கொயந்த எங்க குந்துவா?"

நடந்தது இது. நோட்டீஸைத் தபால்காரர் ஊர் நடுவில் படித்துக் காட்டியிருக்கிறார். அதை மடித்து அம்மன் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். போலீஸுக்குப் பயந்து மட்டும் பாட்டை நிறுத்தவில்லை. அம்மன் ஒரு பேரை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பேருக்குரியவனோ கீழே நடமாடிக்கொண்டிருக்கிறான். அது தீராமல் அடுத்த பேரைச் சொன்னால் அம்மன் வாங்க மாட்டாள் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. ஆடியில் ஓடை வரைக்கும் போய், வெள்ளையன் வாயைத் திறக்காமல் திரும்பியிருக்கிறான். தன் மகள் பேரைத் தானே சொல்ல வேண்டிய வருஷத்தில்.

மறுநாளே வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதிக்கொண்டேன். அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை ஏறினேன். வெள்ளையன், மாங்கனி, ஊர்க்கவுண்டர், இன்னும் சில பேர். ஊர்க்கவுண்டர் என்பவர் அந்த ஊருக்குத் தலைவர். வழக்கு, தீர்ப்பு எல்லாம் அவர் சொல்வதுதான். பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரை எடுத்துட்டேன்" என்றேன்.

"பேப்பர்ல இருந்து எடுத்துட்டே. எத்தினி ஊரு கொழாயில சொல்லிச்சு? அம்மா வாங்கிக்கினா வாங்கிக்கினதுதான். திருப்பிக் குடுக்க அது இன்னா உன் கடையா?"

கோயிலுக்குச் சுவர் எழுப்பித் தருகிறேன் என்றேன். மைக் செட் ஒன்றை ஊருக்கே கொடுத்துவிடுகிறேன் என்றேன். "சொவுரு கேட்டமா?" என்றார். யாரோ ஒருவர், "இவரு இன்னைக்கே செத்துட்டா சரியாப் பூடும்" என்றார். சிரிப்பு வந்தது. வெள்ளையன் சிரிக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "ஏன், செத்தவன்னே வெச்சிக்கலாமே. பேரு சொல்லியாச்சு. கோடிகூட நான் கொண்டுபோய்ட்டேன். சாவு மட்டுந்தான பாக்கி?"

ஊர்க்கவுண்டர் ரொம்ப நேரம் புளியங்கொட்டை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார். "அப்பிடின்னா செத்தவன் மாதிரி இருக்கணும்" என்றார். "செத்தவன் தராசு புடிப்பானா?"

நீ செய்கிற வேலையும் பாட்டு எடுக்கிறதுதான் என்பதால் ஒன்று சொல்கிறேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும். ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டைப் பதிவு செய்கிறீர்கள். இதை யார் எழுதினது என்றுதான் முதலில் கேட்பாய். அதற்குப் பதில் வராது. பதில் வராததால் அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது. இதை எப்போ பாடுவீங்க, எதுக்குப் பாடுவீங்க, எப்போ பாடவே கூடாது என்று கேள். பதில் சொல்கிறவன் நிறுத்தினாலும் நீ நிறுத்தாதே. நான் அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் கேசட் போட முடியாமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் தெரிந்துதான் கேட்கவில்லையோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

உன் முதலாளி முன்னால் உனக்குத் தலைகுனிவுதான். என்னால் அதைத் தவிர்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை உன் அம்மா நேற்றே கழற்றிவிட்டாள்.

அன்றைக்கு ஊரோடு பேசி முடித்தது இது. அந்தக் கேசட்டை இனி நானோ வேறு யாருமோ போடக் கூடாது. வக்கீல் சொல்கிறபடி சட்டப்படி என் உரிமை நான் செத்து ஐம்பது வருஷம் வரைக்கும் வாரிசுக்கு ஓடுமாம். அதனால் இத்துடன் வைத்திருக்கிற பத்திரத்தில் என் கையெழுத்துக்குக் கீழே நீயும் போட்டு அனுப்ப வேண்டும். பாட்டு யாருடையது என்பதைக் கடை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்; படிக்கத் தெரியாதவர் கேட்டால் நானே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வருகிற ஆடியில் வெள்ளையன் குப்புவின் பேரைச் சொல்வான். அன்றைக்கு நான் மலையில் இருக்கக் கூடாது. அதுவரை அது இழவு வீடு, அதனால் வைகாசியில் உன் கல்யாணத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். அந்த ஊரில் புளியோ சாமையோ கடுக்காயோ ஒரு படிகூட நான் இனி வாங்கக் கூடாது, எனக்காக வேறு ஆளும் வாங்கக் கூடாது. போனால் மாங்கனி சோறு போடுவாள், தராசு மட்டும் கொண்டு போகக் கூடாது. நான் நிஜமாகவே செத்தால் நீ மலைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். என் பேரை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இரண்டாவது தடவை அங்கே அது சொல்லப்படாது. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.